கார்த்திகை அகல் முதல் பொங்கல் தோரணம் வரை: வீட்டு அலங்காரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகைத் தீபத்தில் ஆரம்பித்தால் காணும் பொங்கல் முடியும்வரை வாசல் சும்மா இருப்பதில்லை. விளக்கு, மாக்கோலம், பரங்கிப்பூ, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், மாவிலை, குருத்தோலை, கரும்பு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். இவற்றில் முக்கால்வாசியைக் கையாலேயே செய்துவிடலாம். செய்யும்போது எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

எதை எத்தனை நாள் முன்னால் செய்து வைக்கலாம்?

பொருளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மூங்கில், காகிதம், வர்ணப்பொடி ஆகியவற்றை ஒரு மாதம் முன்னாலேயே செய்து மூடி வைக்கலாம். அகலை முந்தின நாளே ஊறவைத்துக் காயவைத்துவிட வேண்டும். மாவிலையை முதல் நாள் சாயங்காலம் கோத்தால் போதும். குருத்தோலை அப்படி இல்லை. முதல் நாள் மதியம் வெட்டி, இரவு பின்னி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் கட்ட வேண்டும். மாக்கோலத்துக்கு அரைத்த மாவு அன்றைக்கு மட்டுமே. பரங்கிப்பூவோ விடியற்காலையில் பறித்து அப்போதே வைக்கிற சமாச்சாரம்.

பொங்கலுக்கு முந்தின இரவு எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துப்போட்டுக்கொண்டு உட்காருவதால்தான் பாதி வேலை கெடுகிறது.

புது அகல் விளக்கு எண்ணெயைக் குடித்துவிடுகிறது. என்ன செய்வது?

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். எண்ணெய் ஊற்றியதும் அந்தத் துளைகள் இழுத்துக்கொள்ளும். திரிக்குக் கிடைப்பது மிச்சம்தான். அதனால் அகலை முதல் நாள் வாளித் தண்ணீரில் முழுக அமிழ்த்துங்கள். சிறு குமிழிகள் வரும். அவை அடங்கக் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். இரவு முழுக்க ஊறினாலும் கெடுதல் இல்லை. பிறகு கவிழ்த்து நிழலில் வைத்து, மேல் ஈரம் போகும்வரை காயவிடுங்கள்.

உள்ளே தண்ணீர் சொட்டச் சொட்ட எண்ணெய் ஊற்றிவிட்டால் திரி படபடவென்று வெடித்து அணையும். எண்ணெய் ஊற்றுமுன் உட்புறத்தைத் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

27 விளக்கு ஏற்ற எவ்வளவு எண்ணெய் வாங்குவது? எந்த எண்ணெய்?

சின்ன அகல் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. என்று வைத்துக்கொண்டால் 27 விளக்குக்கு 405 மி.லி. ஆகிறது. அரை லிட்டர் வாங்கினால் சிந்தியது போக மிச்சம் இருக்கும். நல்லெண்ணெய் எல்லாவற்றையும்விடச் சுலபம். விளக்கெண்ணெய் கெட்டி என்பதால் திரியில் மெதுவாகத்தான் ஏறும். அதோடு சம அளவு நல்லெண்ணெய் கலந்துகொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துபோகும். மார்கழி விடியலில் அதை ஊற்றி வைத்துவிட்டுத் திரி பிடிக்கவில்லையே என்று நிற்க வேண்டாம்.

சுடர் கரும்புகை விடுகிறது, சுவரெல்லாம் கரி.

திரி நீளம் அதிகம். அகலின் மூக்குக்கு வெளியே கால் அங்குலம் தெரிந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் சுடர் பெரிதாகி, எண்ணெய் முழுதாக எரியாமல் புகையாகிறது. திரியின் முழு நீளமும் முதலில் எண்ணெயில் நனைய வேண்டும். காய்ந்த நுனியைக் கொளுத்தினால் பஞ்சுதான் கருகும். மூக்கு சுவரைப் பார்க்காமல் வாசலைப் பார்க்கட்டும். சுவருக்கும் விளக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் காற்று வரும் பக்கம் அரைச் செங்கல் ஒன்றைச் சார்த்தி வைக்கலாம்.

அகலுக்கு வர்ணம் பூசலாமா?

வெளிப்புறம் மட்டும். உட்புறத்திலும் மூக்கிலும் பட்டால் சூட்டில் கருகி நாறும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வர்ணம் போதும். ஆனால் ஊறவைத்துக் காய்ந்த பிறகு பூசாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் வெளியே வரும்போது வர்ணம் பொருக்காகக் கழன்றுவிடும். முதலில் பூசி, இரண்டு நாள் காயவிட்டு, பண்டிகைக்கு முதல் நாள் உள்ளே மட்டும் தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். நம்மைக் கேட்டால், மண் நிறத்தின் மேல் சுண்ணாம்பால் வைத்த நாலு வெள்ளைப் புள்ளிக்கு ஈடாக எந்த ஜிகினாவும் வராது.

மாக்கோலத்துக்கு மாவு எப்படி அரைப்பது?

100 கிராம் பச்சரிசியைக் கழுவி மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, முதலில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் தெளித்து அரையுங்கள். இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்தால் நறநறவென்று ஒரு குருணையும் தட்டக்கூடாது. அதன்பிறகு தண்ணீர் சேர்த்து மோர் பதத்துக்குக் கரைக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே தண்ணீரை நிறைய விட்டால் மிக்சியில் அரிசி சுற்றிச்சுற்றி ஓடும், மையாக அரையாது. இந்த அளவு ஒரு பூஜை அறைக்கும் நிலைப்படிக்கும் தாராளம்.

பதம் பார்க்க, ஒரு விரலை மாவில் முக்கித் தரையில் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடினால் மாவு நீர்த்துவிட்டது. விரல் நகர மறுத்துக் கோடு விட்டுவிட்டு விழுந்தால் கெட்டி.

துணி வைத்துப் போடும்போது சொட்டுச் சொட்டாக விழுகிறது. இழை வரவில்லை.

துணியைப் பிடிக்கிற விதம்தான் காரணம். நாலு விரல் அகலமுள்ள பழைய பருத்தித் துணியை மாவில் நனைத்து எலுமிச்சை அளவு உருண்டையாக்கி, கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்த்துப் பிடியுங்கள். மோதிர விரலின் நுனி மட்டும் தரையைத் தொட வேண்டும். துணி தரையில் படக்கூடாது. கட்டைவிரல் லேசாக அழுத்த அழுத்த, மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். அந்த விரல்தான் பேனா முள். நடுவிரலால் போடுகிறவர்களும் உண்டு, பழக்கம்தான். சிந்தெடிக் துணி மாவை உறிஞ்சாமல் ஒரேயடியாகக் கொட்டிவிடும். வேட்டித் துண்டோ பழைய கைக்குட்டையோ எடுங்கள்.

போடும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். அது குறையல்ல. பத்து நிமிடத்தில் காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். தெரியவில்லையே என்று மேலே மேலே இழைத்தால் காய்ந்தபின் தடித்துப்போய்ப் பொருக்காக உதிர்ந்துவிடும்.

பளபளப்பான டைல்ஸில் மாக்கோலம் நிற்கவில்லையே?

நிற்காது. சிமெண்டுத் தரையும் கல்லும் மாவுத் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. மெருகேறிய டைல்ஸ் உறிஞ்சுவதில்லை. மாவு மேலே ஒட்டிக்கொண்டிருப்பதோடு சரி. சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு கிண்ணம் மாவுக் கரைசலில் ஒரு தேக்கரண்டி மைதாப் பசை கலந்து போட்டுப் பாருங்கள், இரண்டு நாள் தாங்கும். இல்லையென்றால் கடப்பைக்கல் பலகை ஒன்றில் போட்டு வாசலில் வைத்துவிடலாம். கருங்கல் நிறத்தில் கோலம் எடுப்பாகவும் இருக்கும்.

காவிக் கரை எப்படி?

இரண்டு மேசைக்கரண்டி காவிப்பொடியைக் கால் டம்ளர் தண்ணீரில் குழைத்து, மாக்கோலம் முழுக்கக் காய்ந்தபிறகு வெளி ஓரத்தில் விரலாலோ தூரிகையாலோ இழுங்கள். காயுமுன் இழுத்தால் காவி வெள்ளைக்குள் பரவி எல்லாம் ரோஸ் நிறமாகும். செம்மண்ணாக இருந்தால் முதலில் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். வெள்ளை மார்பிள் தரையில் காவி வேண்டவே வேண்டாம். கறை உள்ளே இறங்கிவிடும். இதைப்பற்றிக் கடைசியில் சொல்லியிருக்கிறோம்.

வாசல் கோலத்துக்கு அரிசி மாவா, கல் மாவா?

எறும்புக்கும் குருவிக்கும் உணவு என்கிற பழக்கப்படி பார்த்தால் அரிசி மாவு. கையில் ஓட்டமாக விழுவது கல் மாவு. அரிசி மாவு மட்டும் எடுத்தால் விரலில் அடைத்துக்கொள்ளும், காற்றில் பறக்கும். நாலு பங்கு கல் மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு கலந்து சலித்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவைப் பச்சையாகக் கலக்காமல், ஈரப்பதம் போக வாணலியில் லேசாக வறட்டி ஆறவைத்துக் கலந்தால் கட்டி பிடிக்காது.

தண்ணீர் தெளித்து உடனே போடக்கூடாது. தேங்கிய நீரில் பொடி கரைந்து கோடு விரிந்துவிடும். முழுக்கக் காயவும் விடக்கூடாது. உள்ளங்கையைத் தரையில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் நீர் ஒட்டக்கூடாது. அதுதான் சரியான நேரம்.

புள்ளிக் கோலம் எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

"15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி" என்று குறிப்பில் இருக்கிறது என்று வையுங்கள். நடுவரிசையில் 15 புள்ளி. அதன் மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 14, 13 என்று 8 வரை வரும். ஆக 15 வரிசை, மொத்தம் 169 புள்ளி. நேர் புள்ளியில் ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்தது வரும். ஊடு புள்ளியிலோ மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில்தான் அடுத்தது உட்காரும்.

பலரும் இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது பக்கம் வைத்துக்கொண்டே போகிறார்கள். ஒரு புள்ளிக்குக் கால் அங்குலம் பிசகினால் பதினைந்தாவது புள்ளியில் மூன்றரை அங்குலம் பிசகியிருக்கும். அதனால் நடுப்புள்ளியை முதலில் வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஏழேழு வையுங்கள். பிசகு பாதியாகிவிடும், இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும். மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய இரண்டு அங்குலம். அதை அளவாக வைத்தால் நடுவரிசை 28 அங்குல நீளம் வரும். அடுத்த வரிசையில் 14 என்பதால் நடுவில் புள்ளி வராது. நடுப்புள்ளிக்கு இருபுறமும் உள்ள சந்துகளில் ஒவ்வொன்று வைத்து, அங்கிருந்து வெளியே போங்கள்.

அடுத்தது வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம். புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலம் என்றால் வரிசைக்கு வரிசையும் இரண்டு அங்குலம் விடுவதுதான் வழக்கமான தவறு. ஊடு புள்ளியில் அது ஒன்றேமுக்கால் அங்குலம்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்துப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியும் சமமான முக்கோணமாக நிற்கும். இரண்டு அங்குலம் விட்டால் கோலம் மேலும் கீழும் இழுபட்டு, சிக்குக் கோலத்தின் வளைவெல்லாம் முட்டை வடிவமாகிவிடும்.

புள்ளி முழுக்க வைத்து முடித்தபின் எழுந்து நின்று ஒரு தடவை பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கோணல் தெரியாது. இழை போட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் திருத்த முடியாது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 7 புள்ளி, 4 வரை போதும். 37 புள்ளிதான்.

வர்ணப்பொடியை வீட்டில் தயாரிக்க முடியுமா?

முடியும். ஒரு டம்ளர் கல் மாவில், ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்த சமையல் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கலந்து, நிழலில் காயவைத்துச் சலியுங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும். கல் மாவுக்குப் பதிலாகப் பொடி உப்பில் செய்தால் பளிச்சென்று இருக்கும். ஆனால் மார்கழிப் பனியில் உப்பு நீர் கோத்துக் கரைய ஆரம்பிக்கும். உப்புப்பொடி கூடத்துக்குள் போடும் கோலத்துக்கு மட்டும் சரி.

மஞ்சள் தூள் கலந்த பொடி சிவந்துபோய்விட்டதே?

அந்தக் கோலமாவில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தி கரைப்பது அப்படித்தான். மஞ்சள் நிறமே வேண்டுமென்றால் அரிசி மாவோடு கலந்துகொள்ளுங்கள். வெயில் படும் இடத்தில் மஞ்சள் ஒரே நாளில் மங்கிவிடும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

பரங்கிப்பூ பறித்தால் காய் போய்விடாதா?

ஆண் பூவைப் பறித்தால் போகாது. பூவின் அடியைப் பாருங்கள். பிஞ்சு போலச் சின்ன உருண்டை இருந்தால் பெண் பூ, அதை விட்டுவிடுங்கள். வெறும் நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. அதிலும் கொடிக்கு இரண்டு, மூன்றையாவது மகரந்தத்துக்காக விட்டுவைக்க வேண்டும்.

விடியலில் விரிந்த பூ மதியத்துக்குள் சுருங்கிவிடும். எலுமிச்சை அளவு சாண உருண்டையில் காம்பை ஓர் அங்குலம் உள்ளே செருகிக் கோலத்தின் நடுவில் வைத்தால், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். நகரத்தில் சாணம் கிடைக்காவிட்டால் பிசைந்த களிமண் போதும். சாயங்காலம் சாண உருண்டையைப் பூவோடு சேர்த்துத் தட்டி வறட்டியாக்கிக் காயவைப்பது கிராமத்து வழக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து, சேர்த்து வைத்த வறட்டிகளை ஆற்றில் விடுவார்கள்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மூங்கிலில் கட்டுவது எப்படி?

வேண்டியவை: அரை அங்குல அகலத்தில் மெல்லிதாகச் சீவிய மூங்கில் பட்டை 24 அங்குலத்தில் பத்து, 4 அங்குலத்தில் ஐந்து குச்சி, கட்ட நூல், காற்றாடிக் காகிதம், மைதாப் பசை.

பத்து பட்டையிலும் இரண்டு முனையிலிருந்தும் 9 அங்குலத்துக்குச் சற்று மேலே, துல்லியமாகச் சொன்னால் 9.2 அங்குலத்தில், பென்சிலால் கோடு போடுங்கள். ஐந்து பட்டையை எடுத்துக் கையை எடுக்காமல் வரைகிற ஐந்து முனை நட்சத்திரம் போல அடுக்கி, முனைகளைக் கட்டுங்கள். பட்டைகள் ஒன்றையொன்று கடக்கும் இடமெல்லாம் பென்சில் கோட்டின் மேல் விழுந்தால் ஐந்து காலும் சமம். விழாவிட்டால் நகர்த்திச் சரிசெய்தபிறகுதான் அந்த ஐந்து இடத்தையும் கட்ட வேண்டும். அளக்காமல் கட்டிவிட்டு, ஒரு கால் மட்டும் நீண்டு நிற்கும் நட்சத்திரத்தைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

இதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது உட்புறத்து ஐந்து மூலையிலும் 4 அங்குலக் குச்சியை இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவில் நிறுத்திக் கட்டினால் நடுப்பகுதி உப்பி எழும். பட்டை தடிமனாக இருந்தால் இந்த இடத்தில்தான் பட்டென்று ஒடியும். இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு வளைத்தால் ஒடியாது.

காகிதம் ஒட்டும்போது ஒவ்வொரு பரப்பையும் தனித்தனியாக வெட்டுங்கள். முன்னும் பின்னும் கால்களுக்குப் பத்து முக்கோணம், பக்கவாட்டில் பத்து, நடுவில் இரண்டு ஐங்கோணம், மொத்தம் 22 துண்டு. ஒவ்வொன்றிலும் சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு, பட்டையின் மேல் மடித்து ஒட்டுங்கள். பெரிய காகிதத்தை ஒரே வீச்சில் போர்த்தினால் மடிப்பு விழுந்து சுருங்கும். பின்பக்க ஐங்கோணத்தை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டிக் கதவு போல விட்டுவைத்தால் பல்பு மாட்டலாம்.

பல்பு 5 முதல் 9 வாட் எல்.இ.டி. போதும். பழைய குண்டு பல்பு சூட்டில் காகிதத்தைக் கருக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். பல்பு காகிதத்தில் இடிக்காமல் நடுவில் தொங்க வேண்டும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது, ஆகவே சன்ஷேடுக்குக் கீழே மாட்டுங்கள்.

மைதாப் பசை காய்ச்சும் அளவு?

இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னும் அரை டம்ளர் சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். நாலைந்து நிமிடத்தில் வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆகும்போது இறக்குங்கள். வெந்நீரில் மைதாவைப் போட்டால் உடனே கட்டி பிடிக்கும். நட்சத்திரம் கரப்பான் வாயில் போகாமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது விஷம். அது சேர்த்த பசையைச் சமையல் பாத்திரத்தில் வைக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், கோலமாவிலும் கலக்காதீர்கள்.

மாவிலைத் தோரணத்தில் எத்தனை இலை? எப்படிக் கோப்பது?

மூன்று அடி நிலைக்கு, இரண்டு அங்குல அகலமுள்ள இலையை அரை அங்குல இடைவெளியில் கோத்தால் பதினான்கு கொள்ளும். ஒற்றைப்படையாக வைப்பது வழக்கம் என்பதால் பதிமூன்று. நூல் ஐந்தடி எடுங்கள். இரு பக்கமும் கட்ட ஓரடி ஓரடி போய்விடும்.

செம்பு நிறக் கொழுந்து பார்க்க அழகு, ஆனால் ஒரே நாளில் துவண்டுவிடும். கரும்பச்சையாக முற்றிய, பூச்சி அரிக்காத இலைதான் தோரணத்துக்கு. கழுவித் துடைத்து, காம்புப் பக்கத்தை ஒன்றரை அங்குலம் நூலின் மேல் பின்னால் மடித்து, தென்னை ஈர்க்கில் இரண்டு அங்குலத் துண்டால் தையுங்கள். நடு நரம்புக்கு இடது பக்கம் குத்தி, நரம்பைத் தாண்டி வலது பக்கம் வெளியே எடுக்க வேண்டும். நரம்பின் மேலேயே குத்தினால் இலை நீளவாக்கில் கிழியும்.

கட்டியபின் எல்லா இலையும் நடுவில் வந்து கும்பலாகச் சேர்கிறதா? நூல் தொய்வாக இருப்பதால் வழுக்குகிறது. ஈர்க்கு நூலின் ஒரு இழையையும் ஊடுருவிப் போகும்படி தைத்தால் அந்தந்த இடத்திலேயே நிற்கும். சணல் இதற்கு நல்லது, நைலான் வழவழப்பு. ஸ்டேப்ளர் வேலை வேகமாக முடியும் என்பது உண்மைதான். காய்ந்த இலையை மாட்டுக்குப் போடுகிறவர்கள் வீட்டில் அது வேண்டாம். கம்பி வயிற்றுக்குள் போய்விடும்.

குருத்தோலை வெட்டினால் தென்னைக்குக் கெடுதலா?

ஆம், மரம் வளர்வதே குருத்தின் வழியாகத்தான். ஆழமாக வெட்டினால் மரமே பட்டுப்போகும். வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வரும். எனவே சாய்த்த மரத்திலிருந்தோ கடையிலோ வாங்குவதே நல்லது. ஒரு குருத்து ஒரு வீட்டுக்குப் போதும்.

குருத்தோலையில் சுலபமாக என்ன செய்யலாம்?

சுருள் சடை. ஓலையிலிருந்து ஈர்க்கை உருவினால் இரண்டு நாடா கிடைக்கும். இரண்டு நாடாவின் முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக, செங்கோணமாக வைத்து ஈர்க்கால் குத்துங்கள். அடியில் உள்ளதை மேலே மடி, அடுத்து மற்றதை அதன்மேல் மடி, இப்படி மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு ஈர்க்கால் குத்திவிட்டால் இழுத்தால் நீளும் சடை தயார். குழந்தைகள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். நாடாவின் அகலம் முழுக்க ஒன்றாக இருக்கட்டும், நுனிப்பக்கம் குறுகும் பகுதியை வெட்டிவிடுங்கள்.

கிளி, கூடை, விசிறி எல்லாம் கை பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றால்தான் வரும். நல்ல காரியத்துக்கும் துக்க வீட்டுக்கும் தோரணம் மடிக்கும் முறையில் வித்தியாசம் பார்க்கும் ஊர்கள் உண்டு. முதல் முறை செய்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிவிட்டு வாசலில் கட்டுவது நல்லது.

செண்டுமல்லிச் சரத்துக்கு எத்தனை பூ?

மூன்றடிச் சரத்துக்குக் காம்பு வழியாக முகத்துக்கு ஊசி ஏற்றி நெருக்கினால் பூவுக்கு ஓர் அங்குலம், ஆக 36. பக்கவாட்டில் ஏற்றினால் பூவுக்கு இரண்டு அங்குலம், 18 போதும். தண்ணீரில் முக்கி வைக்காதீர்கள். நடுவில் நீர் தங்கினால் உள்ளேயே அழுகிக் கறுக்கும்.

காப்புக்கட்டு என்கிறார்களே, அதில் என்ன இருக்கும்?

கொங்குப் பகுதியில் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்துக் கூரையிலும் வாசலிலும் செருகுவார்கள். மாவிலை சேர்ப்பதும் உண்டு. வீட்டுக்கு மட்டுமல்ல, தொழுவத்துக்கும் வயலுக்கும் ஒவ்வொரு கொத்து. பூளைப்பூ காய்ந்தாலும் வெள்ளை மாறாது. மற்றது சருகானபிறகும் அது மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். காங்கிரீட் வீட்டில் செருக இடமில்லை என்றால் நிலைக்கு மேலே ஒரு ஆணியில் தலைகீழாகக் கட்டிவிடுங்கள்.

கரும்பு சாய்ந்து விழாமல் கட்டுவது எப்படி? எறும்புக்கு என்ன செய்ய?

தோகையோடு ஒரே உயரமாக இரண்டு. அடி, இடுப்பு, தலை என மூன்று இடத்தில் கட்ட வேண்டும். ஒரே இடத்தில் கட்டினால் தோகையின் கனத்தில் சுழன்றுவிடும். அடியை ஒரு சிறு வாளித் தண்ணீரில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது, தோகையும் சீக்கிரம் வாடாது. தோகை ஓரம் கத்தி மாதிரி அறுக்கும், உருவிவிடும்போது நுனியிலிருந்து அடிக்கு இழுக்காதீர்கள்.

பொங்கல் பானைக்கு வர்ணம்?

சுண்ணாம்பும் காவியும் மட்டும். எனாமல் பெயிண்ட் தீயில் நாறும், பொங்கலிலும் அந்த வாடை ஏறும். கழுத்துப் பகுதியில் மட்டும் பட்டை போடுங்கள், அடிப்பகுதி எப்படியும் கரியாகத்தான் போகிறது. மஞ்சள் கொத்தைக் கழுத்தில் கட்டும்போது இலை தீப்பக்கம் தொங்காமல் மேலே தூக்கிக் கட்டுங்கள்.

பிளாஸ்டிக் தோரணக் கொடி கட்டலாமா?

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை. பிளாஸ்டிக் கொடியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதே காற்றாடிக் காகிதத்தை முக்கோணமாக வெட்டிச் சணலில் மடித்து ஒட்டினால் கொடி வந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் தரையில் காவிக் கறை, மஞ்சள் கறை. எப்படிப் போக்குவது?

மஞ்சள் கறைக்குச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, வெயில் படும்படி விட்டுவிடுங்கள், இரண்டு நாளில் தானே வெளுக்கும். டைல்ஸ் இடுக்கில் தங்கிய காவியைச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். மார்பிளில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றிவிடாதீர்கள். புளிப்பு கல்லின் மெருகையே அரித்துவிடும். அப்புறம் கறை போனாலும் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று மங்கித் தெரியும். மார்பிளுக்கு வெந்நீரும் சோப்பும்தான், அதுவும் காவி காய்வதற்கு முன்பே.